கூரையில் ஓர் ஆண்டு

மார்ச் மாதக் காற்றில் கழன்ற கல்
என் காரின் பானட்டில் செங்குத்தாக நின்றது,
வெண்ணெயில் செருகிய கத்திபோல.
ஆகவே குழுவில் எனக்கு வாக்கு இல்லை.
சேதப்பட்டவர் தீர்ப்புச் சொல்லலாகாது
என்று படித்தார் தலைவர் ஹோபார்ட் ஷைமர்.
விதிப் புத்தகம் அவர் மடியில் பூனை மாதிரி கிடக்கும்.

எதிர்வீடு ஆர்டித் கிச்லைனுடையது.
பென்சில்வேனியாவின் இந்த மலையடியில்
எங்கே தோண்டினாலும் சிலேட்டுக் கல்.
கல்லறைக்கும் அதுதான், பில்லியர்ட்ஸ் மேசைக்கும் அதுதான்,
பிள்ளைகள் எச்சில் தொட்டு அழித்த பலகைக்கும் அதுதான்.
ஆர்டித்தின் கூரையில் மட்டும்
சாம்பல் நடுவே சிவப்புக் கல் பதித்து
1894 என்று யாரோ எழுதிவைத்திருந்தார்கள்,
எவர் எச்சிலும் எட்டாத உயரத்தில்.

காப்பீட்டுக் கடிதம் வந்தது: அறுபது நாள்.
கல்லுக்குக் கல்லே மாற்ற
ஒருவன் எழுதிக்கொடுத்த தொகையில்
இன்னொரு வீடு வாங்கலாம், கூரையோடு.

எனவே மேசைமேல் ஒரு மாதிரி.
ரப்பரும் பிளாஸ்டிக்கும் அரைத்து வார்த்த ஓடு.
ஓரத்தில் காலம் கடித்ததுபோல் ஒரு பிசிறு.
அச்சுகள் பன்னிரண்டுதானாம்;
பதின்மூன்றாவது ஓட்டில்
அதே பல், அதே கடி.
மிஸஸ் ட்ரெஹார்ன் நகத்தால் சுண்டினாள்.
கல் என்றால் கிண்ணென்றிருக்கும்.
இது தொப்பென்றது,
மரியாதையாகத்தான்.

தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது, சரி என்றார்கள்.
எண்ணில்தான் சண்டை வந்தது.
பிளாஸ்டிக்கில் 1894 எழுதினால் பொய் என்றார் ஷைமர்.
இந்த வருடத்தைப் போட்டால் திமிர் என்றாள் ட்ரெஹார்ன்.
ஒன்றுமே போடாவிட்டால்
அடையாளம் தெரியாத பிணம் என்றார்
மருந்துக்கடை கோசிமோ.
பழைய எண்ணே இருக்கட்டுமா?
மூன்றுக்கு மூன்று.
ஏழாவது ஆள் நான்,
வாயில் பூட்டு,
பையில் ஒர்க்‌ஷாப் ரசீது.

கடைசி வரிசையிலிருந்து ஆர்டித் எழுந்தாள்.
ஐந்து பனிக்காலம் பரணில் வாளி மாற்றியவள்.
"மழை வருஷம் பார்த்தா வருகிறது?"
நடவடிக்கைக் குறிப்பில் அது ஏறவில்லை.
ஏறியது: எண் குறித்துப் பின்னர் முடிவு செய்யப்படும்.

வில்மர் குவாமானும் இரண்டு மைத்துனர்களும்
பத்து நாள் மேலே இருந்தார்கள்,
ஈக்வடார் மலைச் சரிவில் நடந்து பழகிய கால்கள்.
ஒன்பது டன் கீழே இறங்கியது.
தேறிய கல்லை ஒரு வியாபாரி எண்ணி ஏற்றிப்போனான்,
தேறாதது குப்பை லாரியில் உருண்டது,
தெருவே பல்லைக் கடித்துக்கொண்டது.
சிவப்பை மட்டும் வில்மர் தனியே அடுக்கினான்.
யாரும் சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.
அறுபத்தொன்றில் மூன்று உடைசல்,
மூன்றும் நான்கின் கற்கள்.

பதினொன்றாம் நாள் சாயங்காலம்
எல்லோரும் அண்ணாந்தோம்.
புது ஓடுகளுக்கு நடுவே பழைய சிவப்பு:
ஒன்று, எட்டு, ஒன்பது,
அப்புறம் ஒரு காலும் பாதி முழங்கையும்.
நான்கா, ஒன்றா, ஏழா,
அது வாசிக்கிறவர் பாடு.
ஷைமர் காரை ஓரங்கட்டி
இஞ்சினை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.
உடைந்த எண்ணைப் பற்றி
விதியில் ஒரு வரி கிடையாது.

இரவு பத்தரைக்கு ஆர்டித் போன் செய்தாள்.
கதவுகள், என்றாள்.
பாரம் போனதும் உத்திரமெல்லாம் நிமிர்ந்துவிட்டது போல.
இருபது வருஷமாக உதைத்துத் திறந்த பின்னறைக் கதவு
தானே திறந்து ஆடுகிறது.
ஒழுங்காகச் சாத்திக்கொண்டிருந்த குளியலறைக் கதவு
இப்போது சட்டத்தில் முட்டி நிற்கிறது.
வீடு சோம்பல் முறிக்கிறதா, கோபித்துக்கொள்கிறதா,
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
இழைப்புளி இருக்கிறதா உன்னிடம்?

இருந்தது.
எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன்,
அவள் இறவாரத்தின் கீழ் மட்டும்,
பழக்கத்தில்,
ஒரு கையால் தலையை மூடியபடி.